இரண்டாவது பிளேட்டு

கைக்குழந்தையைப் படம் எடுப்பதைப் போன்ற தொல்லை உலகத்தில் வேறு கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மயிலாப்பூர்த் தேரோட்டத்தில் நான் கையைத் தூக்கியதும் தேரே அசையாமல் நின்றிருக்கிறது. நம்ப வேண்டாம், ஆனால் நின்றது. ஆறு மாதப் பிள்ளைக்கு மட்டும் இந்த ஆரோக்கியநாதன் யார் என்று தெரியாது.

ஏழைகளின் துயரத்தை உலகுக்குக் காட்டியவன் என்று பத்திரிகைகள் எழுதின. லண்டனில் என் படத்தைப் பார்த்து அழுத துரைசானிகளின் கைக்குட்டைகளைப் பிழிந்தால் அடையாற்றில் வெள்ளம் வரும். எனக்கு ஏழைகளைப் பிடிக்கும் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை, சரியாகத்தான் எழுதினார்கள். குப்பத்து நாற்றம் எனக்கு ஆகாது. படத்தில் நாற்றம் வராது.

முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், பெருமழைக்கு அப்புறம், திருவான்மியூர்க் குப்பத்துக்குப் போனேன். கெங்கம்மா அப்போதுதான் புருஷனைக் கடலில் இழந்தவள். கூரை ஓட்டை வழியாக ஒரே ஒரு கற்றை வெளிச்சம் அவள் மடிமேல் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் வரை லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். கடிகாரத்தைவிட ஜெபம் எனக்குத் துல்லியம். அதற்குள் எது அசைந்தாலும் படத்தில் புகை மாதிரி மங்கிவிடும்.

மடியில் குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டே இருந்தது.

"பசில ஆடிக்கினு கீது தொரே. எங்க வவுத்தெரிச்சலு உனக்குப் படமா வோணுமா?" என்றாள்.

"இதப் பாத்தா வெள்ளக்காரன் மூட்டை மூட்டையா அரிசி அனுப்புவான், கெங்கம்மா."

"எம்மாம் பெரிய மூட்ட? உன் தொந்தி கணக்கா இருக்குமா?"

அந்தக் கேலியை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்காகச் செய்யவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அழுகிற பிள்ளைக்குக் கடுகளவு அபின் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். நான் கொடுத்தது மிளகளவு. வயிற்றுவலி மருந்து என்று சொன்னேன். அவளே தன் பாலில் குழைத்து ஊட்டினாள்.

குழந்தை தூங்கியது. நீங்கள் இப்போது சன்னலுக்கு நேரே பிடித்திருக்கிறீர்களே, அந்தக் கண்ணாடி நெகட்டிவ்தான் முதல் பிளேட்டு. முகம் தெளிவு, விரல்கள் தெளிவு. வயிற்றில் மட்டும் ஒரு மங்கல். மூச்சு, ஐயா. படத்தைக் கெடுத்தது அதுதான்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு காத்திருந்தேன். வயிறு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. உதடு நீலம் பாரித்தது. என் மோட்டார் கார் வெளியே நின்றது. அடையாற்றில் டாக்டர் இருந்தார்.

"தொரே, புள்ள இன்னாமோ சில்லுனு கீது."

"அசையாதே. அசஞ்சா அரிசி வராது."

நல்ல பெண். அசையவில்லை.

அதுதான் இரண்டாவது பிளேட்டு, வயிறும் தெளிவு. 'நித்திரை' என்று பெயர் வைத்தேன். தங்க மெடல். அதைப் போட்டுக்கொண்டால் யானைக்கும் கழுத்து வலிக்கும். அரிசியா? மெடலோடு அரிசி அனுப்பும் பழக்கம் லண்டனில் இல்லை.

குழந்தை ஜுரத்தில் செத்தது என்று அப்போது முடித்துவிட்டார்கள். கெங்கம்மா வருஷக்கணக்காக என் ஸ்டுடியோ வாசலில் வந்து கத்தினாள். பைத்தியம் என்று ஊரை நம்பவைத்தவன் நான்தான். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபோது வைத்த கண்காட்சியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியது கர்வம். வித்தியாசத்தை மெச்சுவார்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஒருவர்தான் வயிற்றைப் பார்த்தீர்கள்.

ஆமாம், அந்த மூச்சு நிற்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். கொலை என்பது கொஞ்சம் மிகை. மிகைப்படுத்துவது என் வேலை, உங்களுடையது அல்ல.

கெங்கம்மா உங்கள் ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அவள் பிள்ளை அநாதையாகச் சாகவில்லை. பக்கத்திலேயே நின்று, ஒரு வார்த்தை விடாமல், ஆமென் வரைக்கும் ஜெபம் சொன்னேன்.