சத்தமில்லாத மூணு ஃபேன்

பெனிட்டா: அப்படி வெக்காத மாமா, தலகீழா இருக்குது... திருப்பு.

ஜெரோம்: கம்ப்யூட்டரு ஃபேனுக்கு இன்னாடி தல, காலு? ரெண்டு பக்கமும் ரெக்கதான தெரியுது.

பெனிட்டா: ஒரு பக்கம் குறுக்குச் சட்டம் இருக்குது பாரு, நடுவுல ஸ்டிக்கரு... அந்தப் பக்கமாதான் காத்து வெளிய வரும். முன்னால ரெண்டும் காத்த உள்ள இழுக்கணும். பின்னால ஒண்ணு, சூட்ட வெளிய தள்ளணும்.

ஜெரோம்: இன்னா?

பெனிட்டா: பின்னால இருக்கறது வெளிய தள்ளணும்னேன்.

ஜெரோம்: ஆங்... இத்தினி நாளு எப்படி இருந்துச்சு?

பெனிட்டா: மூணுமே உள்ள ஊதிக்கினு இருந்துச்சு. மீஞ்சூர்ல மாட்டிக் குடுத்தவன் புண்ணியம். ஒரு கல்யாண வீடியோ எடிட் பண்றதுக்குள்ள கம்ப்யூட்டரு அடுப்பாட்டம் காயும். சூடு ஏற ஏற ஃபேனு இன்னும் கத்தும்.

ஜெரோம்: எனுக்கு அது தொல்லையாவே தெரியல. நல்லாத்தான் தூங்கனேன்.

பெனிட்டா: தூங்குவ...

ஜெரோம்: இன்னா முணுமுணுக்கற?

பெனிட்டா: ஒண்ணுமில்ல. எனுக்குத் தலவலின்னு சொன்னனே, அதான் பெரிய ஃபேனா பாத்து வாங்கனேன். மெதுவா சுத்தினாலே நெறைய காத்து தரும். சின்னது மாதிரி பறக்காது.

ஜெரோம்: சரி, ஸ்க்ரூ எடு.

பெனிட்டா: ஸ்க்ரூ வாணாம், ரப்பர் ஆணி வாங்கியிருக்கேன். அதிராது. உப்புக்காத்துல துருவும் புடிக்காது.

ஜெரோம்: இதப் புடிச்சு இழுக்கணுமா? அறுந்துடப் போவுது...

பெனிட்டா: நீ கடல்ல வல இழுக்கற இழுப்பு இழுத்தா அறுந்துதான் போவும். மெதுவா... இன்னும் கொஞ்சம்... ம், ஒக்காந்துச்சு.

ஜெரோம்: பாத்தியா! ஆனா பெனி, பொட்டியோட மூஞ்சியக் கொண்டுபோயி சுவத்துல முட்ட வெச்சிருக்கியே. காத்து எங்கருந்து வரும்?

பெனிட்டா: அட, ஆமாம்ல! நகத்து, நகத்து... போதும். நான் சுவிட்சு போடறேன், நீ பின்னால குனிஞ்சு பாரு. காத்து வெளிய வருதா?

ஜெரோம்: வருது, வருது. மூஞ்சில அடிக்குது.

பெனிட்டா: சத்தம்?

ஜெரோம்: சத்தமா? மூச்சு உடல. பூன மாதிரி ஓடுது.

பெனிட்டா: ...மாமா.

ஜெரோம்: இன்னா?

பெனிட்டா: ஒயரு ரெக்கயில மாட்டி டக்குடக்குனு அடிக்குது.

ஜெரோம்: எங்க... எந்த ஒயரு?

பெனிட்டா: ஆஃப் பண்ணிட்டேன். நவுரு, ஒயர நான் ஒதுக்கிக் கட்டறேன்.

ஜெரோம்: நான்... சரியா கவனிக்கல.

பெனிட்டா: கவனிக்கலியா...

ஜெரோம்: உனுக்கு எப்பலருந்து தெரியும்?

பெனிட்டா: போன மழைக்கு. தகரத்துல மழ கொட்டிக்கினு கெடந்துச்சு. நீ வாசல்ல நின்னு, மழ பெய்யுதான்னு வெளிய கைய நீட்டிப் பாத்த.

ஜெரோம்: எஞ்சின் பக்கத்துலயே ஒக்காந்து ஒக்காந்து... யாருகிட்டயும் சொல்லிடாத பெனி. தெரிஞ்சா போட்டுல ஏத்த மாட்டானுங்க.

பெனிட்டா: ரெண்டு காதுமா?

ஜெரோம்: எடது சுத்தமா போச்சு. வலதுல, கிட்டக்க வந்து பேசினா கேக்குது. வேற எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது. நீ பயந்துடுவன்னுதான் சொல்லல.

பெனிட்டா: நீ சொல்லாததுக்குத்தான் பயந்தேன்.

ஜெரோம்: அழாத... சுவிட்சு போடு. உன் தலவலியாவது போவட்டும்.

பெனிட்டா: எனுக்கு ஒரு தலவலியும் இல்ல மாமா. பாப்பா உன் பின்னால நின்னு நைனா, நைனான்னு கூப்புட்டுட்டு, நீ திரும்பலன்னதும் எங்கிட்ட வந்து அழுதா, நைனாவுக்கு எம்மேல கோவமான்னு. இந்தப் பொட்டி கத்துதுடி, அதான் நைனாவுக்குக் கேக்கலன்னு சொல்லி வெச்சேன்... அவ கூப்புடறது உனுக்குக் கேக்கட்டும்னுதான் மொதல்ல இத அடக்கனேன். நாளைக்குக் கடலுக்குப் போவாத, என்கூட பொன்னேரிக்கு வா, காதக் காட்டலாம்.