எஞ்சினுக்கு ஒரு மாலை

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் பெரிய சம்பங்கி மாலை இருந்தது.

“மாலை பிள்ளையார்பட்டிக்கா, அக்கா?” என்று இளையவள் கேட்டாள்.

“இல்லடி, கார் எஞ்சினுக்கு.”

இளையவள் வாயைப் பிளந்தாள்.

“சிலிண்டர்ல கீறல் விழுந்திருச்சுன்னு எங்க வீட்டுக்காரவுக எஞ்சினைக் கழட்டி, கூடத்துல ஊஞ்சச் சங்கிலியில தொங்க விட்டுட்டாக. மறுநாளே எம் மகளைப் பொண்ணு பாக்க வந்துட்டாக. அவசரத்துக்கு என் பட்டுச்சேலையைப் போத்தி மறைச்சேன். மாப்பிள்ளையோட அம்மா சாமின்னு நெனச்சு விழுந்து கும்பிட்டுட்டாக.”

“எண்ணெய் சொட்டியிருக்குமே?”

“எண்ணெய்க் காப்பு இப்பத்தான் நடந்துச்சான்னு கேட்டாக. பக்தியான குடும்பம்னு அங்கனயே சம்மதம் சொல்லிட்டாக. இப்ப வெள்ளிக்கு வெள்ளி வந்து சூடம் காட்டுறாக.”

“உண்மையைச் சொல்லிற வேண்டியதுதான?”

“சொன்னா சம்பந்தம் நிக்குமா?”

அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். நகத்தில் கிரீஸ் படிந்திருந்தது.

“கல்யாணம் ஆவணியிலதான். அதுவரைக்கும் நான் பஸ்லயே போறதா? ராவோட ராவா எஞ்சினை இறக்கிக் கார்ல மாட்டிர்றேன்.”

“சாமி விசயத்துல தலையிடாதீக” என்றாள் அவர் மனைவி.