பழைய எண்ணின் வால்

— ஸ்பேனரைக் கீழ வைங்க, ஸ்டாமெங்கா அக்கா. மூக்கு உடைஞ்சாச்சு. இந்த மூஞ்சியில பார்க்கிற மாதிரி இருந்தது அது ஒண்ணுதான்.

— சிரிச்சுப் பேசாதடா ஓக்னென்! என் தம்பி விதோயே மூணு விரல் இல்லாம ஆஸ்பத்திரியில கிடக்கான். தகடு அமுக்கற இந்தப் பிரஸ்ஸுக்கு புரோகிராம் எழுதினவன் நீ. அச்சைத் துடைக்கிறப்ப மெல்ல இறங்க வேண்டியது, ஏன்டா இடியா இறங்குச்சு?

— சொல்றேன். முடியை விடுங்க. இருக்கிறதே கொஞ்சம்.

— சொல்லு!

— கம்ப்யூட்டர் எண்ணை ஒரு பெட்டியில போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பும். எட்டு பைட்டு. எட்டு அறைன்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டி எடுத்தா பழசு குவியும். கூட்டித் தள்ள உள்ளேயே ஒரு குப்பைக்காரன் இருக்கான். அவன் கூட்டி முடிக்கிற வரைக்கும் பிரஸ் திக்கித் திக்கி நிக்கும்.

— நின்னா நிக்கட்டுமே! யாரு செத்தா?

— மேனேஜர் குதிச்சாரு. நானும் பெரிய கெட்டிக்காரனாட்டம் ஒரே பெட்டியில திரும்பத் திரும்ப எழுத வச்சேன். பறந்துச்சு. ரக்கியா சாராயம் ஊத்தித் தோள்ல தட்டினாங்க.

— அப்புறம்?

— வேகம் சின்ன எண்தானே, நாலு அறை போதும்னு நாலுலதான் எழுதினேன். பிரஸ் எட்டையும் படிச்சிருக்கு. மீதி நாலுல முந்தின பெரிய எண்ணோட வால் அப்படியே கிடந்திருக்கு. துடைக்காம விட்டுட்டேன். ரெண்டும் சேர்ந்து சின்ன வேகம் பெரிய வேகமாயிடுச்சு... அய்யோ, விலா!

— வாலு! ஒரு வாலுக்கு என் தம்பி கையா? அக்கார்டியன் வாசிக்கிற கைடா அது!

— தெரியும்க்கா. என் கல்யாணத்துல விடிய விடிய வாசிச்சான்.

— அவன் பேரை எடுக்காத! நட, பிரஸ்ஸுக்கு. உன் கையையும் உள்ள விட்டு அமுக்கறேன்.

— இழுக்காதீங்க, சட்டை கிழியுது. இந்தாங்க, கையை நானே உள்ள வச்சுட்டேன்.

— என்னடா பண்ற?

— பிரஸ்ல புரோகிராம் ஏத்தறது நீங்கதானே, தப்பைத் திருத்தி காலையிலயே உங்களுக்கு அனுப்பிட்டேனே. இப்ப எட்டையும் துடைச்சுட்டுதான் எழுதும். மெல்ல வந்து விரலுக்கு மேலயே நின்னுடும். பட்டனை அமுக்குங்க.

— அமுக்கிடுவேன்டா! என் கோவம் உனக்குத் தெரியாது!

— மூக்குக்குத் தெரியும். அமுக்குங்க. அடுத்து இங்க வேற யாராவது கையை விடுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்.

— கண்ணை ஏன் மூடிக்கிற?

— எழுதினவன் நான்தானேக்கா. பயமா இருக்காதா?

— எடுடா கையை! எடுத்துத் தொலை, பைத்தியக்காரா! நீ அனுப்பினதை நான் இன்னும் ஏத்தவே இல்ல!