கம்பளியோடு எடை

ஒரு குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் எடையைச் சொல்லக்கூடியவன் ஜெல்ஃபாவில், ஏன், மொத்த அல்ஜீரியாவிலும் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. விசாரணைக் குழு உண்மையைக் கேட்டது.

அப்பா ஆட்டுச்சந்தைத் தரகர். கம்பளியோடு நிற்கும் கிடாவைக் கண்ணாலேயே எடைபோடுவார். அந்தக் கண் எனக்கு வந்தது. அடிபட்டு வரும் குழந்தையைத் தராசில் ஏற்ற முடியாது; எடை தெரியாமல் மருந்தும் கொடுக்க முடியாது. அதற்காக ஒரு நாடா இருக்கிறது. தலையிலிருந்து குதிகால்வரை நீட்டினால், குதிகால் தொடும் இடத்தில் எடையும் மருந்தளவும் அச்சாகியிருக்கும். என்னோடு பயிற்சியில் இருந்த டாக்டர் நவால் அது இல்லாமல் யாரையும் தொடமாட்டாள்.

"என்ன தையக்காரம்மா, சட்டை பெருநாளுக்குள்ள கெடைக்குமா?" என்பேன்.

"உனக்குப் பொணத்துக்குச் சுத்துற கஃபன் துணிதான் வெட்டணும். வாய மட்டும் தனியா அளக்கணும்," என்பாள்.

பனி பெய்த அன்று, தீவன வண்டி கவிழ்ந்து தொடை முறிந்த ஜுமானாவை அவள் அப்பா லக்தர் தூக்கி வந்தார். தன் ஆட்டுரோம அங்கியில் அவளைச் சுற்றியிருந்தார். வீறிட்டு அழுதாள். நல்லது; அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது. நவால் நாடாவைத் தேடினாள். கொக்கியில் இல்லை.

"இருபத்திரண்டு கிலோ," என்றேன்.

"அங்கியக் கழட்டிட்டுச் சொல்லுடா."

"கழட்டினா வலிக்கும். ஆட்டைக் கம்பளியோடதான் வாங்குறோம்."

"தம்பி," என்றார் லக்தர், "இவ சாப்பிடவே மாட்டா. காத்து மாதிரி இருப்பா."

சந்தையில் வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. எடையைக் குறைத்துச் சொல்பவர் பேரம் பேசுகிறார்.

"ஹாஜி, வெலைய அப்புறம் பேசிக்கலாம்," என்றேன். அந்த அழுகைக்கு நடுவிலும் அவர் சிரித்தார்.

வலிமருந்து ஏறியது. அழுகை நிற்கவில்லை. அதே கணக்கில் இன்னொரு முறை கொடுத்தேன். நின்றது.

"உன் கை நல்லா இருக்கணும் தம்பி," என்றார்.

அறையே அந்த அமைதிக்கு நன்றி சொன்னது. நவால் மட்டும் அங்கியைக் கத்தரித்தாள். உள்ளே கிடந்தவளுக்கு மூன்று வயதுகூட இருக்காது. உதடு நீலம். நவால் மூச்சுப் பலூனை அழுத்தினாள், வலிமருந்தை முறிக்கும் மாற்றுமருந்து கேட்டாள், மறுபடி அழுத்தினாள். இனி வேண்டாம் என்று பெரிய டாக்டர் அவள் கையைப் பிடிக்கும்வரை விடவில்லை.

நாடா தொலைந்தது துரதிர்ஷ்டம் என்று உங்கள் குழு எழுதியிருக்கிறது. தொலையவில்லை. காலையில் விளையாட்டாக எடுத்து என் கோட்டுப்பையில் போட்டேன். அவள் தேடியபோதும் அங்கேதான் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டேனே.

எல்லோரும் லக்தரோடு வெளியே போனபின் கதவைச் சாத்தினேன். போர்வையை விலக்கி, நாடாவைச் சுருக்கமில்லாமல் தலையிலிருந்து நீட்டினேன். குதிகால் பன்னிரண்டில் நின்றது. மறுபடி ஒருமுறை அளந்தேன்.

அந்த அங்கி பனியில் நன்றாக ஊறியிருந்தது, ஐயா. அதையும் சேர்த்தால் நான் சொன்னது ஏறக்குறைய சரிதான்.