வெள்ளரிக்காயைக் கடைசியில் போட வேண்டும்

பச்சைக்காய்க் கோசுமல்லிக்கு வெள்ளரிக்காயைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் கேரட், பிறகு கோஸ், அதன் பிறகே வெள்ளரி. விதையை வழித்து எடுத்துவிட்டால் அவ்வளவாகத் தண்ணீர் விடாது. காய் நறுக்கும் மெஷினின் பித்தானை அழுத்தி உடனே விட்டுவிட வேண்டும்; மறுபடி அழுத்தி, மறுபடி விட வேண்டும். விரலை எடுக்காமல் வைத்திருப்பவர்களுக்குக் கூழ்தான் கிடைக்கும். எனக்கு இது சீக்கிரமே கைவந்துவிட்டது. எதிலும் அளவு தெரிந்தவள் என்று எனக்குப் பெயர் உண்டு.

டாக்டர், இதை உங்களுக்கு எழுதக் காரணம் ஒன்றுதான். என் தம்பி அய்யாதுரை இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் அவன் மனைவி ஜெயபாரதியைப் பார்த்து, "நான் சொன்ன மாதிரிதான் சமைச்சீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். அவள் அழுதாள். பக்கத்தில் நின்ற என்னிடம் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நாங்கள் சாத்தூர்க்காரர்கள். அம்மா போனபோது அய்யாதுரை கைக்குழந்தை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை. அவன் தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்து, மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கம் வீடு பிடித்தபோது நானும் கூடவே வந்தேன். ஜெயபாரதி அதற்குப் பிறகு வந்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவளைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது மூவரும் உங்கள் அறைக்கு வந்தோம். அவர்களிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் விளக்கினீர்கள். பச்சைக் காய் ஆகாது. காயில் இருக்கும் பொட்டாசியத்தை இவர் உடம்பால் வெளியேற்ற முடியாது, அது சேர்ந்தால் இதயம் நின்றுவிடும். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பு அறவே கூடாது. எங்கள் பள்ளி வாத்தியார்கூட எதையும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஜெயபாரதி விடிவதற்கு முன் எழுந்து அப்படியே செய்தாள். வெந்த தண்ணீரை அவள் சாக்கடையில் கொட்டும்போது எனக்கு வயிறு எரியும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் கொட்டமாட்டோம், ரசத்தில் சேர்ப்போம். சக்கையாகக் கிடக்கும் அவரைக்காயை அய்யாதுரை விரலால் தள்ளித் தள்ளித் தின்பான். ஆனாலும் தேறினான். கடைக்குப் போக ஆரம்பித்தான்.

தேறியதும் பெசன்ட் நகர் பேச்சு வந்தது. கடல் காற்று, புது வீடு, இரண்டே அறை. எனக்கு அங்கே இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நான் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "மதினிக்கு ஊர்ப்பக்கந்தாங்க ஒத்துக்கும். சாத்தூர்ல சித்தி வீடு சும்மாதான கெடக்கு" என்று அடுப்படியில் ஜெயபாரதி சொன்னாள். அய்யாதுரை, "ம்" என்றான். அந்த ஒரு "ம்" இன்னும் என் காதில் இருக்கிறது.

அதே சமயத்தில்தான் அவன் சிநேகிதர் ஹனீஃபா சிங்கப்பூரிலிருந்து அந்த மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். மிக்ஸி மாதிரி சாந்தாக அரைக்காது. கடுகளவோ மிளகளவோ, நாம் நினைத்த அளவுக்குக் காயை நறுக்கித் தரும். எப்படியும் வேகப்போகிற காய்க்கு மெஷின் எதற்கு என்று ஜெயபாரதி அதைத் தொடவில்லை. அவள் சொன்னது நியாயந்தான்.

மத்தியானம் அவள் எக்ஸ்சேஞ்சில் இருப்பாள். அவன் சாப்பிட வீட்டுக்கு வருவான். முதல் தடவை ஒரு சின்னக் கிண்ணம்தான் வைத்தேன். வெள்ளரி, கேரட், இஞ்சி, கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு. பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"யக்கா, பச்சக்காயி ஆகாதுன்னாரே டாக்டரு."

"அவர்ட்டயே கேட்டுட்டேன்யா. மிசின்ல இம்புட்டுப் பொடியா நறுக்குனா வெந்ததுக்குச் சமந்தானாம்."

உங்கள் பெயரை அப்படி எடுத்துச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவன் தொட்டிருக்க மாட்டான். முதல் வாய் மென்றதும் கண்ணை மூடிக்கொண்டான். சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலுக்கு ஜன்னல் விற்கும் வெள்ளரிப்பிஞ்சை நான் வாங்கித் தந்ததைச் சொன்னான். ஜெயபாரதியிடம் சொல்லாதே, தூக்கம் கெட்டு வேகவைக்கிறாள், மனசு கஷ்டப்படும் என்றேன். அவனுக்கும் அது சரியென்று பட்டது.

கொஞ்ச நாளில் கையும் காலும் ஓய்ந்துபோகிறது என்று படுத்தான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்தீர்கள். பெசன்ட் நகர் பேச்சு நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டேன். சின்ன வயதில் காய்ச்சல் கண்டால் "யக்கா" என்று கூப்பிடுவானே, அதே குரலில் கூப்பிட்டான். கிண்ணத்தை நிறுத்தினேன். தேறினான். தேறியதும் அந்த வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். நான் மெஷினை மறுபடி எடுத்தேன்.

தண்ணித்துறை மார்க்கெட்டில் காய் விற்கும் அங்காளம்மாள் ஒருத்திதான் கேட்டாள். "இன்னாக்கா, தெனம் இம்மாம் பச்சக்காய் வாங்கிக்கினு போறே, வூட்ல குதிர கீதா?" நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. முழுக்கத் தேறிவிட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அழுத்துவதும் விடுவதுமாக அப்படியே காலம் ஓடியிருக்கும்.

எழுபத்தெட்டில் தை பிறந்ததும் புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன், சட்டைப் பையிலிருந்து சாத்தூருக்கு ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"யக்கா, நாளைக்கு நீதான் பால் காய்ச்சணும். காய்ச்சிட்டு, சாயங்காலம் அப்படியே வண்டி ஏறிரலாம்ல. சாமானெல்லாம் நான் பெறகு அனுப்பிவிடுறேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஜன்னல் ஓரமாகக் கேட்டு வாங்கியிருந்தான். சரிய்யா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அன்று கிண்ணத்தை எடுக்கவில்லை, சட்டியை எடுத்தேன். கேரட், கோஸ், இளந்தேங்காய், கொத்தமல்லித் தழை, நிறையத் தக்காளி, கடைசியில் வெள்ளரி. மெஷினின் அடியில் தங்கிய சாற்றையும் வழித்து ஊற்றினேன். மறுபடி கேட்டான். மறுபடி வைத்தேன். "நீ ஊருக்குப் போயிட்டா இத எனக்கு யாருக்கா செஞ்சு தருவா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நெஞ்சு என்னவோ செய்கிறது என்றான். மற்றது உங்களுக்குத் தெரியும்.

காரியத்துக்கு வந்த எங்கள் சனம் ஜெயபாரதியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சக்கையைப் போட்டே ஆளைக் கொன்றுவிட்டாள் என்றார்கள். நான் மறுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மதினி, ஒருவேள தண்ணிய நான் சரியா வடிக்கலையோ?" என்றாள். அழாதே என்று மட்டும் சொன்னேன். இப்போதும் விடிவதற்கு முன் எழுந்துவிடுகிறாள். வேகவைக்க ஒன்றும் இல்லாமல் அடுப்பு முன்னால் நிற்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் சரியாகத்தான் வடித்தாள், டாக்டர். கொடுத்தவள் நான். தெரிந்தே கொடுத்தேன். அந்தக் கடைசி நாளும் தெரிந்தேதான் கொடுத்தேன். இதை யாரிடம் காட்ட வேண்டுமோ அவர்களிடம் நீங்கள் காட்டலாம்.

ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். இத்தனை நாளில் அவன் கிண்ணத்தில் ஒரு கல் உப்புகூட நான் போட்டதில்லை. உப்பு ஆகாது என்று நீங்கள் சொன்னது எனக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது. அவன் உடம்பு விஷயத்தில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.