நாலாவது டயர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவை ஒருக்களித்து வைக்காதே, நன்றாகச் சாத்து. இது நான் சொந்தமாகக் கட்டிவிடும் சரக்கு இல்லை. என்னோடு வேலை பார்க்கிறாளே என் சிநேகிதி, அவளுடைய பெரியம்மா பையனுக்கு நடந்தது. நடுவில் யாராவது இளித்தால் அதோடு நிறுத்திவிடுவேன். அப்புறம் கெஞ்சக் கூடாது.

ராத்திரி இரண்டரை மணி. மழை விட்ட நெடுஞ்சாலை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு விளக்கு இல்லை. ஒரு லாரி மட்டும் ஓரமாக நிற்கிறது... மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கிறது. டிரைவர் இறங்கி நடு ரோட்டுக்குப் போகிறார். எவனோ அடித்துப் போட்ட நாய் ஒன்று அங்கே உயிர் போகாமல் கிடக்கிறது. குனிந்து அதைத் தூக்குகிறார். பின்னால் வந்தவன் லாரியைப் பார்த்தான். ஆளைப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். நாய் பிழைத்துக்கொண்டது. மனுஷன் போய்விட்டார்.

அவரை எல்லோரும் 'நாய்க்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டு லோடு, மாட்டு லோடு என்றால் முதலாளியே காலில் விழுந்தாலும் ஏற்ற மாட்டார். கேபினில் சாமி படம் கிடையாது, பிஸ்கட் பாக்கெட்தான் கட்டுக்கட்டாக இருக்கும். வழியில் எந்த டீக்கடையில் நிறுத்தினாலும் அவர் ஹாரன் சத்தத்துக்கு நாலு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். ஒருமுறை ஒரு ஆமை ரோட்டைக் கடக்கிறது என்று லாரியைக் குறுக்கே போட்டுவிட்டார். பின்னால் வரிசையாக வண்டிகள். அத்தனை பேரும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். இவரோ ஆமையிடம், "நீ மெதுவா போம்மா, அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டு நின்றாராம். இப்படி ஒரு ஆள்.

குழந்தை இல்லை. பெண்டாட்டிக்கு அதைவிட இந்த நாய்ப் பித்துதான் வயிற்றெரிச்சல். "நானும் நாலு காலோட பொறந்திருக்கணும். அப்பவாவது என்னைத் திரும்பிப் பாத்திருப்பீங்க" என்பாள். பாதி கேலி... பாதி நிஜம்.

லாரி வீட்டை ஒட்டிய காலி மனையில் நிற்கும். ஓடி வந்த வண்டியின் சூட்டுக்குத் தெருவில் உள்ள நாய், பூனை எல்லாம் அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அதனால் நாய்க்காரருக்கு ஒரு பழக்கம். வண்டியை எடுப்பதற்கு முன்னால் நாலு மூலைக்கும் சுற்றி வருவார். ஒவ்வொரு மூலையிலும் உள்ளங்கையால் டயரை ஒரு தட்டு. தப். "எந்திரிங்கடா கண்ணுங்களா, அப்பா வண்டி எடுக்கப் போறேன்." நாலாவது டயரையும் தட்டி, எல்லாம் சோம்பல் முறித்து வெளியே வந்த பிறகுதான் சாவி போடுவார்.

அவர் செத்த பிறகு முதலாளி அந்த லாரியை நாய்க்காரரின் மச்சினனிடம் கொடுத்தார். பெண்டாட்டியின் தம்பி. என் சிநேகிதியின் பெரியம்மா பையன் என்றேனே, இவன்தான். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்காதான் அவனைத் தூக்கி வளர்த்தவள். அக்கா என்றால் அவனுக்கு உயிர். அவளைத் தனியாக விட மனசில்லாமல் அந்த வீட்டுக்கே வந்து தங்கிவிட்டான்.

முதல் லோடுக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். வாசலில் நின்று செருப்பு மாட்டுகிறான். ஊரே அடங்கிக் கிடக்கிறது. அப்போது...

தப்.

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு மூலையில்... தப்.

யாரோ பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். அந்த நேரத்தில் எந்தப் பையன் விளையாடுவான்? மூன்றாவது தப். நாலாவது தப். லாரிக்கு அடியிலிருந்து நாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உடம்பை நெளித்தன. வாலை ஆட்டின. யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து ஆட்டின என்றாலும் பரவாயில்லை... தலையைத் தூக்கி, ஒரு ஆள் உயரத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து ஆட்டின. காற்றில் வாடை வந்தது. டீசலும் ஈர நாயும் கலந்த வாடை. மாமா வீட்டுக்குள் நுழைந்தாலே வருமே, அதே வாடை.

அதிலிருந்து லோடு இருக்கும் நாளெல்லாம் இதே கதை. அவனுக்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நாலும் தட்டி முடிந்ததும் ஒரே ஓட்டமாக ஓடிக் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வான். குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பதே இல்லை. எப்படிப் பார்ப்பான்? அடியில் எதன் முகம் தெரியும் என்று யார் கண்டது?

அக்காவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஆனால் அவள் பயப்படவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அவள் பகலில் சாப்பிடாமல் மூலையில் கிடப்பாள். ராத்திரி ஆனால் முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள்.

"நாய்க்கெல்லாம் வந்து தட்டறாருடா. கட்டினவளுக்கு ஒரு குரல் குடுக்கத் தோணல பாரு" என்றாள் ஒருநாள்.

இப்படியே விட்டால் அக்கா கையை விட்டுப் போய்விடுவாள் என்று அவனுக்குப் பட்டது. முதலாளியிடம் பேசி முடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, நாளையிலேர்ந்து வண்டிய கம்பெனி ஷெட்டுலயே விட்டுடறேன். இனிமே இங்க நிக்காது."

அவள் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று ராத்திரி... மூன்று மணி. கதவுக்குப் பின்னால் நிற்கிறான். இன்றோடு ஒழிந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான். தப். ஒன்று. தப். இரண்டு. தப். மூன்று.

அப்புறம் ஒன்றும் இல்லை.

காத்திருந்தான். காது அடைத்துக்கொண்டு வந்தது. தன் நெஞ்சு அடித்த சத்தத்தில் நாலாவதைத் தவறவிட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டு ஓடினான். ஏறினான். சாவியைத் திருகினான். இஞ்சின் உறுமியது. விளக்கு பளிச்சென்று விழுந்தது.

வெளிச்சத்தில் நாய்கள் நின்றன. வழக்கமாக வண்டி உறுமினால் தெருவுக்கு ஓடிவிடும். இன்றைக்கு ஒன்றும் நகரவில்லை. வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, பின்பக்கத்து இடது டயரைப் பார்த்து முனகின. அவன் கால் கிளட்சில் இருக்கிறது. கியரும் விழுந்தாகிவிட்டது. காலை எடுத்தால் வண்டி நகரும்... எடுக்கவில்லை. அது யார் செய்த புண்ணியமோ!

வண்டியை அணைத்தான். இறங்கினான். டார்ச்சை அடியில் அடித்தான்.

டயரை ஒட்டி ஒரு வெறும் பாதம் தெரிந்தது.

அக்கா. பின் டயருக்கு முன்னால், அதைத் தலையணை மாதிரி வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை போல ஒருக்களித்துத் தூங்குகிறாள். அத்தனை இஞ்சின் சத்தத்திலும் முழிக்கவில்லை. அவளைச் சுற்றி அந்த வாடை... மூச்சு முட்டும் அளவுக்கு.

காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பினான்.

"பைத்தியமாக்கா உனக்கு? இங்க எதுக்கு வந்து படுத்த?"

"நாளைக்கு வண்டி இங்க நிக்காதுன்னியே..." என்றாள் தூக்கக் கலக்கத்தில். "இங்க படுத்தா என்னையும் தட்டி எழுப்புவாருன்னு பாத்தேன். தட்டினாராடா?"

அங்கேதான் அவன் புத்தி கெட்டுப் போனது. பயமும் அழுகையும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அக்காவுக்கு இதோடு அந்த மனுஷன் மேல் உள்ள பித்து தெளியட்டும் என்று நினைத்துக் கத்தினான்.

"தட்டல! மூணு டயரத் தட்டினாரு. நீ படுத்திருந்த டயர மட்டும் தட்டல! நான் கால எடுத்திருந்தா நீ கூழாயிருப்ப, தெரியுமா?"

அலறுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவனையே பார்த்தாள். மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. அவர் செத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். புதுப் பெண் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"நெஜமாவா? அத்தனை நாயையும் எழுப்பி அனுப்பிட்டு... என்னை மட்டும் தன்னோட கூட்டிட்டுப் போக விட்டு வச்சாராடா?"

மறுநாளே லாரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வேலையும் வேண்டாம், அந்த வீடும் வேண்டாம். ஊரின் மறுகோடியில் ஒரு மூன்றாவது மாடி வீடு பார்த்து அக்காவைக் கூட்டிப் போனான். அங்கே நாய் ஏறி வராது. லாரி நிற்க இடமே இல்லை. அக்கா நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

ஆனால் அவள் கட்டிலில் படுப்பதில்லை. கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டி, வெறும் தரையில்தான் படுக்கிறாள். சொல்லிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. சரி, அப்படியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

போன வாரம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன், அவள் அறை வாசலில் நின்றான். உள்ளே பேச்சுக் குரல். கட்டிலுக்கு அடியிலிருந்து. அக்காதான். ரகசியம் பேசுகிற மாதிரி, கொஞ்சலாக...

"கொஞ்சம் தள்ளிப் படுங்க... தம்பி தூங்கட்டும். அவன் தூங்கினதும் கெளம்பிடலாம்."

அன்றிலிருந்து அவன் கண்ணை மூடவில்லை. ராத்திரி முழுக்க அந்த அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறான். கண்ணில் தண்ணீரை அடித்துக்கொள்கிறானாம், கையைக் கிள்ளிக்கொள்கிறானாம். எத்தனை நாள் முடியும் ஒரு மனுஷனுக்கு?

இன்றைக்குச் சாயங்காலம் என் சிநேகிதி அவனுக்குப் போன் போட்டாள். இப்போதே அக்கா அறை வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றானாம். பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதி வார்த்தையில்... அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம் கேட்டதாம்.