கால் சாம்பல் நிறம்

அன்புள்ள அனந்தநாராயணன் சாருக்கு,

இந்த வருடம் ஆகஸ்ட் முடிவதற்குள்ளேயே மழை விட்டுவிட்டது. மட்டாஞ்சேரிக் கிடங்கு முற்றங்களில் மிளகைப் பாயில் கொட்டிக் காய வைக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் பாலக்காட்டில் எப்படியோ.

உங்கள் அஞ்சலட்டை சனிக்கிழமை கிடைத்தது. இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். 1979 ஆகஸ்ட் 26-ஆம் தேதி பார்த்த பறவையை ஏழு வருடம் கழித்து இப்போது ஏன் எழுதி அனுப்பினேன் என்பது முதல் கேள்வி. பறவை என்னிடமிருந்து ஐம்பது கெஜத்துக்கு இப்பால் வரவில்லை என்று நானே எழுதியிருக்க, வயிற்று இறகோடு ஒட்டி மடங்கிய காலின் நிறம் எனக்கு எப்படித் தெரிந்தது என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு வரி எழுதிப் பேனாவால் அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘இசக்கிமுத்து இறந்த நேரம்’ என்பது மட்டும் படிக்க முடிந்தது.

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உங்களுக்குப் பிறகு வேறு யாராவது படிக்க நேரலாம்.

மிளகுக் கிடங்கில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் ஒரு பிடி மிளகைப் பார்த்து மொத்த லாரிக்கும் தரம் சொல்வேன். முப்பது வருடத்தில் ‘வெங்கிடாசலம் தப்பாகச் சொல்லிவிட்டார்’ என்று ஒருவரும் சொன்னதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் சொல்லுக்கு மறுசொல் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு பக்கப் பறவைத் தாளைத் தொடங்கியபோது ஒரு விதி வைத்தீர்கள். அரிய பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விதி. இன்றும் அதை மதிக்கிறேன். எனக்கு இரண்டாவது கையெழுத்து இசக்கிமுத்து.

அவன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். தோப்பும்படி ஐஸ் பிளாண்டில் கட்டி உடைத்துப் படகுகளில் ஏற்றுவான். மனைவி மாடத்தி செம்மீன் உரிக்கிற ஷெட்டில். மலையாளத்தில் பெயர் எழுதுவான். அதற்கு மேல் எழுத்து வராது. கண் மட்டும் யாருக்கும் வாய்க்காத கண். ஃபோர்ட் கொச்சிக் கடல்சுவரில் முதல்முதலாகச் சந்தித்த அன்று நான் பைனாகுலரோடு ஆலாப் பறவைக் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, அந்தக் கூட்டத்துல ஒண்ணு மட்டும் நொண்டி மாதிரி பறக்குது, பாத்தியளா?”

“எங்கேப்பா?”

“கண்ணுலருந்து அந்தக் குழலை எடுங்க. அதுதான் மறைக்குது.”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகப் போனோம். அவன் சைக்கிள் மிதிப்பான், நான் பின்னால் உட்காருவேன். ஆகஸ்ட் கடைசிதான் எங்களுக்குத் திருவிழா. வடக்கிலிருந்து உள்ளான்கள் வந்து இறங்கும். நடுக்கடலிலேயே வாழ்ந்து சாகிற பறவைகளை மழைக்காலத்துக் கடைசிக் காற்று கரையோரம் தள்ளிவிடும். அவன் விரலை நீட்டுவான், நான் பெயர் சொல்வேன். உங்கள் தாளில் என் பெயரில் வந்த பத்தொன்பது பதிவுகளில் பதினாறு அவன் காட்டியவை. இதை நான் எப்போதும் மறைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை.

1976 ஆகஸ்டில் ஒரு நாள் அவனுக்கு வேலை இருந்ததால் நான் தனியாகப் போனேன். மழைத்திரைக்கு அப்பால் பெரிதாக ஒரு வெள்ளைப் பறவை தெரிந்தது. செங்கால் கடற்பறவை என்று எழுதினேன். ‘கால்கள் பவளச் சிவப்பு’ என்றும் எழுதினேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் தோப்பும்படி சாயாக்கடையில் படிவத்தை இசக்கிமுத்துவிடம் நீட்டினேன்.

“நான் பாக்கலையே, அண்ணாச்சி.”

“நான் பார்த்தேன் இல்லையா?”

“நீங்க பாத்தாச் சரிதான்” என்று ஒப்பு போட்டான். கையெழுத்தை அவன் இங்கத்திய வழக்கப்படி ஒப்பு என்றுதான் சொல்வான்.

அந்தச் செய்தியை நீங்கள் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டீர்கள். எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் என்னைப் பேச அழைத்தார்கள். கிடங்கு முதலாளி அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, குருவாயூரப்பன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பறவைக்கார வெங்கிடாசலம் என்றால் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் இல்லாதவனுக்கு அது பெரிய விஷயம், சார்.

மூன்று வருடம் கழித்து நீங்கள் எழுதினீர்கள். அக்டோபரில் கொச்சி வருகிறேன், இசக்கிமுத்துவைப் பார்க்க வேண்டும், செங்காலைப் பற்றி அவர் வாயால் கேட்க ஆசை என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 26, கடல்சுவரில் உட்கார்ந்து அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். தூறல் இருந்ததால் கரையில் ஆளில்லை. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாடத்திக்குப் புதுச்சேலை எடுத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

“அவரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல, அண்ணாச்சி? நான் பாக்கலைல்லா.”

“பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“ஒப்பு போட்டது கை. இது வாயால சொல்லணும்லா. எனக்கு வராது.” என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். “ஒண்ணு செய்யுங்க. நான் சொல்லுதேன், நீங்க ஒரு கடுதாசி எழுதுங்க. பாக்காம ஒப்பு போட்டுட்டேன், மன்னிச்சுக்கிடுங்கன்னு. மூணு வருசமா அது என் நெஞ்சுல முள்ளா இருக்கு, அண்ணாச்சி.”

“மாடத்தியிடம் சொன்னாயா?”

“அவகிட்ட எப்படிச் சொல்ல? வெக்கமா இருக்கு.”

அவன் கேட்ட கடிதத்தைத்தான் இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே சுவரிலிருந்து கருங்கல் வரிசை ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கும். ஐம்பது கெஜம் இருக்கும். அதன் நுனியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. செத்த பறவையோ என்று பார்க்க அவன் போனான். பாசி பிடித்த கற்கள். நுனிக்குப் போய்க் குனிந்தபோது ஒரு கல் புரண்டது. இடது கால் முழங்கால் வரை இடுக்கில் இறங்கிவிட்டது.

முதலில் அவன் சிரித்தான். காற்று கடலிலிருந்து என்னை நோக்கி அடித்ததால் அவன் சொன்னதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

“தினம் கட்டி உடைக்கிறவனக் கல்லு புடிச்சு வச்சிருக்கு, பாருங்க. சீன வலையில ஆளு இருக்கும், அண்ணாச்சி. ரெண்டு பேரையும் ஒரு கயிறையும் கூட்டிட்டு வாங்க. புரட்டிரலாம்.”

கரையில் மரச்சட்டத்தில் கட்டித் தொங்கும் அந்தச் சீன மீன்வலை சுவரின் வளைவுக்கு அப்பால் முந்நூறு கெஜத்தில் இருந்தது. நடந்தால் நாலு நிமிடம், ஓடினால் ஒன்றரை. பிறகு ஒரு நாள் கடிகாரத்தோடு போய்ப் பார்த்தேன்.

நான் எழுந்தேன். அப்போதுதான் பறவை வந்தது. அதையும் முதலில் பார்த்தது அவன்தான்.

“அண்ணாச்சி, மேக்க பாருங்க. வெள்ளையா, பெருசா.”

இத்தனை வருடத்தில் அப்படியொரு பறவையை நான் பார்த்ததில்லை. உடம்பு சுண்ணாம்பு வெள்ளை. சிறகின் பின்விளிம்பு கறுப்பு. அலைக்கு மேல் சிறகை அசைக்காமல் சரிந்து வந்தது.

“இப்பம் பாத்துட்டேன்லா, அண்ணாச்சி” என்று கத்தினான். இடுப்பளவு நுரையில் நின்றுகொண்டு கையை ஆட்டினான். “இனி அந்த சாரு வந்தாப் பாத்தேன்னு சொல்லலாம். பொய்யில்லைல்லா. கடுதாசி வேண்டாம்.”

சார், இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த நிமிடம் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு வலைப் பக்கமாக நடந்தேன். பதினைந்து அடி போயிருப்பேன்.

பறவை திரும்பி அவன் தலைக்கு நேர் மேலே, மிகத் தாழ்வாகப் போனது. காலை ஒரு கணம் கீழே தொங்கவிட்டதாம். எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது.

“கால் செவப்பில்லை, அண்ணாச்சி. சாம்பலு. நல்லாப் பாத்தேன். நீங்க எழுதுனது இது இல்லை. அந்தக் கடுதாசி எழுதித்தான் ஆகணும்.”

நான் நின்றேன். திரும்பி வந்து சுவரில் பழைய இடத்தில் உட்கார்ந்து பைனாகுலரை எடுத்தேன். மணி 5.42.

பறவை பதினோரு நிமிடம் இருந்தது. அரிய பறவை கிடைத்தால் கண்ணை எடுக்காமல் பார்த்து, அங்கேயே குறிப்பு எழுத வேண்டும் என்பது நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். மூக்கு மஞ்சள். முகத்தில் கறுப்புப் பட்டை. வால் கறுப்பு. கால் சாம்பல், இசக்கிமுத்து பார்த்தது. குறிப்பேட்டில் அந்தப் பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது. கொச்சியில் கடல் ஏற்றம் பெரிதில்லை, இரண்டடி மூன்றடிதான். ஆனால் அன்று அலை பெரிது. பறவை தெற்கே போனபோது மணி 5.53. பைனாகுலரைத் துடைத்து உறையில் போட்டேன். கல் வரிசையின் பக்கம் பார்க்கவில்லை. அவன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வலைக்காரர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். போலீஸ்காரர் கேட்டபோது நாலரை மணிக்கே அவனை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அக்டோபரில் நீங்கள் வந்து மாடத்தியின் வீட்டில் உட்கார்ந்தபோதும், உங்கள் எதிரில் அதையே சொன்னேன். அதனால்தான் என் படிவத்தில் 5.42 என்ற நேரத்தையும், இரண்டாவது பார்வையாளராக அவன் பெயரையும் கண்டதும் உங்களுக்கு அந்த மூன்றாவது வரி எழுதத் தோன்றியிருக்கும்.

மாடத்தி அன்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவுக கடைசியா என்ன சொன்னாக, அண்ணாச்சி?”

“மழை வரும்போல இருக்கு, நீங்க நனையாமப் போங்கன்னான்.”

அவள் ஏழு வருடமாக அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் எப்போது போனாலும், வெயிலடித்தாலும், அவனுடைய குடையை என் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறாள். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த முறை மறுபடியும் தருகிறாள். அதனால் இப்போதெல்லாம் நான் அங்கே அதிகம் போவதில்லை.

இனி முதல் கேள்வி. உங்கள் போன இதழில், ஒரு கல்லூரி ஆசிரியர் ஜூலையில் பார்த்த சாம்பல்கால் பறவையை ‘இந்தக் கரையில் முதல் முறை’ என்று போட்டிருந்தீர்கள். அது சரியல்ல. முதலில் பார்த்தவன் இசக்கிமுத்து. அவனுக்குச் சேர வேண்டியது அவனுக்குச் சேரட்டும் என்றுதான் அனுப்பினேன். படிவத்தில் என் பெயர் முதலில் இருப்பது பழக்கத்தினால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் வரிசையின் நுனியில் கிடந்தது கிழிந்த உப்புச்சாக்கு. பைனாகுலரில் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ‘செத்த பறவை மாதிரி இருக்கு, போய்ப் பாரு’ என்று அவனை அனுப்பியது நான். பாசி இருப்பதும் தெரியும், ஏற்றம் தொடங்கிய நேரமும் தெரியும். என்ன நடக்கும் என்று யோசித்து அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் அவன் பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் சரி. நான் ஆறு மணி வரை கிடங்கில்தான் இருப்பேன். மாடத்திக்கு மட்டும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். குடை என்னிடம்தான் இருக்கிறது.

1976-ஆம் வருடத்துப் பதிவைத் திருத்த வேண்டாம். அதில் இரண்டு கையெழுத்தும் முறையாக இருக்கிறது.

1979-ஆம் வருடத்துப் பதிவில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள். பறவையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் என்னை மூன்று முறை கூப்பிட்டான். 5.44, 5.46, 5.49. அதற்குப் பிறகும் ஒரு சத்தம் கேட்டது. அலையாக இருக்கலாம், பறவையாக இருக்கலாம். அதை நான் குறிக்கவில்லை. உறுதியாகத் தெரியாததை எழுதுவது எனக்கு வழக்கமில்லை.

இப்படிக்கு,
வெங்கிடாசலம்
மட்டாஞ்சேரி